எட்டே முக்கால் ரூபாயும் அரை விநாடியும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கோவில்பட்டியில் பி.காம் முடித்து, வங்கித் தேர்வு எழுதி, சென்னையில் தாதர் எக்ஸ்பிரஸ் பிடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு 2002ல் இங்கே வந்து இறங்கியவன். இன்றைக்கும் தாதர் கிழக்கில்தான் ஜாகை. டெபிட், கிரெடிட் தவிர வேறெதையும் முறையாகக் கற்றதில்லை. அப்படிப்பட்டவன் எதற்கு சோர்ஸ் கோடிலிருந்து மென்பொருள் கம்பைல் செய்வதைப் பற்றியெல்லாம் பேசுகிறான் என்று கேட்டால், காரணம் தாராவியில் இட்லி விற்ற ஒரு அக்கா.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுற்றிக்கொள்கிறேன்.

2004. தாராவிக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளை. நான் அங்கே புது ஆபீசர். வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு அறிக்கை கொடுத்தது 1984ல். சங்கங்களின் எதிர்ப்பு, பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று மெதுவாக நகர்ந்த வண்டியை, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல் 1998ல் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். 2001 ஜனவரி 1க்குள் வங்கிகளின் வணிகத்தில் 70 சதவீதம் கம்ப்யூட்டருக்குள் வந்தாக வேண்டும் என்றார். ஓடினார்கள் எல்லோரும். நான் சேர்ந்தபோது கோர் பேங்கிங் எங்கள் கிளைக்கு வரவில்லை. கிளைக்குள்ளேயே ஒரு சர்வர், அதில் யுனிக்ஸ், கவுன்டர்தோறும் பச்சை எழுத்து மின்னும் டெர்மினல். யாரோ ஒரு கம்பெனி எழுதிய பேக்கேஜ்தான் லெட்ஜர், வட்டி, டே எண்ட் எல்லாம். கம்பெனியின் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

அன்றைய சேவிங்ஸ் வட்டி விதி பலருக்கு மறந்திருக்கும். 2010 மார்ச் வரை தினசரி இருப்புக்கு வட்டி கிடையாது. மாதத்தின் 10ஆம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. வட்டி விகிதம் 3.5 சதவீதம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் 10ஆம் தேதிக்குள் பணம் கட்ட ஓடி வருவார்கள். 11ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி அம்பேல்.

இட்லி அக்கா விவரம் தெரிந்தவர். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். காலையில் நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, ஏழு மணிக்குள் தூக்குகளை அனுப்பிவிட்டு, மாதம் தவறாமல் 10ஆம் தேதி 3,000 ரூபாயோடு வந்து நிற்பார். எடுப்பது கிடையாது, போடுவது மட்டும்தான். மகள் கல்யாணத்துக்கு. எங்கள் மராத்தி கிளார்க்குகள் 'இட்லிவாலி மௌசி' என்று கூப்பிடுவார்கள். தமிழ் பேசுகிற ஆபீசர் வந்துவிட்டதால் நேராக என் மேசைக்கே வந்துவிடுவார்.

அக்டோபரில் ஒரு நாள் பாஸ்புக்கை விரித்து வைத்தார்.

"தம்பி, ஆயிரத்துக்கு மாசம் மூணு ரூவாய்க்கு ஒரு துளி கம்மி. சரிதான? அப்ப மூவாயிரத்துக்கு ஒம்பதுக்கு ஒரு துளி கம்மி. மாசாமாசம் அந்த ஒம்பது ரூவாய உங்க மெஷினு முழுங்குது. அரை வருசத்துக்கு அம்பது ரூவாய்க்கு மேல விழுது. போன தடவ சரியாத்தான் இருந்துச்சு."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அது தப்பு பண்ணாதுன்னா, பண்ணுனது நீங்களா, நானா?"

பதில் இல்லை. சாயங்காலம் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி போட்ட 3,000 அந்த மாதக் கணக்கில் சேரவே இல்லை. மாதத்துக்கு எட்டே முக்கால் ரூபாய், ஆறு மாதத்துக்கு ஐம்பத்திரண்டரை ரூபாய். அக்கா வாயால் போட்ட கணக்கு அப்படியே சரி. பேக்கேஜ் 10ஆம் தேதி முடிவு இருப்பை எடுப்பதற்குப் பதிலாக, 9ஆம் தேதி ராத்திரி இருப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. முந்தின அரையாண்டு சரியாக இருந்ததற்கும் காரணம் கிடைத்தது. மார்ச் கடைசியில் ஒரு புது வெர்ஷன் சிடி வந்தது, நாங்கள் அதைப் போட்டோம். போட்டதாகக் கையெழுத்திட்டவன் நான். அதைவிட மோசம், அரையாண்டு வட்டிப் பட்டியலில் 'மாதிரிச் சோதனை செய்யப்பட்டது' என்று எழுதிய இடத்தில் இருந்ததும் என் இனிஷியல்தான். ஒரு கணக்கைக்கூட நான் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. பிரின்ட் அவுட் அழகாக இருந்தது, போட்டேன்.

அந்த இனிஷியலைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது இன்னும் நினைவிருக்கிறது.

மேலதிகாரி நல்லவர்தான். "அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு வவுச்சர் போட்டுக் கொடுத்துடுங்க, விஷயம் முடிஞ்சுது" என்றார். முடிந்திருக்கும்தான். ஆனால் 10ஆம் தேதி பணம் போட்ட மற்றவர்கள்? யுனிக்ஸ் பயிற்சிக்குப் போய் வந்த ஒரு மராத்தி சகா, லெட்ஜரை டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி, இருபது வரியில் ஒரு ஆக் ஸ்கிரிப்ட் எழுதினார். முந்நூற்றுச் சொச்சம் கணக்குகள் வந்து விழுந்தன. கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். 'சோர்ஸ் கோடைக் காட்டுங்கள், எந்த வரி என்று நாங்களே சொல்கிறோம்' என்று என் சகா ஆசையோடு கேட்டார். அது கம்பெனியின் சொத்து, காட்ட முடியாது. நாலு மாதம் கழித்து இன்னொரு சிடி வந்தது. கூட வந்த தாளில் ஒரே வரி: 'இன்ட்ரஸ்ட் மாட்யூல் திருத்தப்பட்டது.' என்ன திருத்தினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. 'பெரியது' என்ற குறிக்கும் 'பெரியது அல்லது சமம்' என்ற குறிக்கும் நடுவே எங்கோ அந்த எட்டே முக்கால் ரூபாய் விழுந்திருக்க வேண்டும். யூகம்தான்.

முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் வித்தியாசம் வரவு வைத்தோம். ஆனாலும் எனக்கு ஒரு அரிப்பு ஒட்டிக்கொண்டது. வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. இறுதித் தொகையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், வவுச்சரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால்தான் அது கணக்கு. அப்படியிருக்க, அந்தக் கணக்கையே போடுகிற மெஷினுக்கு மட்டும் வவுச்சர் யார் கையிலும் இல்லை.

சகாதான் விளக்கினார். நிரலாளர் எழுதுவது மனிதன் படிக்கக்கூடிய சோர்ஸ் கோட். அதை கம்பைலர் என்ற இன்னொரு நிரல் மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றுகிறது. நமக்கு சிடியில் வருவது அந்த எண்கள் மட்டும். பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு வவுச்சர்களைத் திரும்ப எழுத முடியாது இல்லையா, அந்த மாதிரி. "ஆனால் லினக்ஸ் பக்கம் போ. அங்கே வவுச்சரையும் சேர்த்தே கொடுப்பான். நீயே கூட்டிக்கொள்ளலாம்."

2005ல் லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். மழை வந்தால் ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர் என்பதால் டாக்சிக்காரரிடம் கெஞ்சி வெயில் நாளாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். பிசி க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைப் போட்டேன். முதலில் எதை கம்பைல் செய்வது? பி.காம் புத்தி எங்கே போகும். க்னுகேஷ் என்று ஒரு கணக்குப் புத்தக மென்பொருள், இரட்டைப் பதிவு முறையில் எழுதப்பட்டது. வீட்டுக் கணக்கை முறைப்படி எழுதலாம் என்று சோர்ஸை எடுக்கப் போனேன். இதைவிடக் கடினமான ஒன்றை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது என்று பிறகுதான் தெரிந்தது :-)

வேலை மூன்றே கட்டளைதான் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். டார் மூட்டையை அவிழ்த்து உள்ளே போய் இந்த மூன்றையும் வரிசையாக அடித்தால் மென்பொருள் ரெடி. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கான்ஃபிகர் என்பது இன்ஸ்பெக்ஷன் ஆபீசர் மாதிரி. உங்கள் மெஷினுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகக் கேட்கும். சி கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது. அது வேலை செய்கிறதா? செய்கிறது. இந்த நூலகம் இருக்கிறதா? திரையில் 'செக்கிங், செக்கிங்' என்று வரிகள் ஓடும். யுனிக்ஸ் என்று பொதுப் பெயரே தவிர, ஆளுக்கொரு விதமாக அதைச் செய்து விற்றார்கள். ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்காது. அதனால் 1991ல் டேவிட் மெக்கன்சி ஆட்டோகான்ஃப் என்ற கருவியை எழுதினார். ஒவ்வொரு மெஷினிலும் என்ன இருக்கிறது என்று சோதித்து, அதற்கேற்ப வேலைத் திட்டத்தை எழுதிக்கொடுக்கும் இந்த ஸ்கிரிப்டை உண்டாக்கித் தருவது அதுதான்.

எனக்கு ஓடிய வரிகள் பாதியில் நின்றன. 'கைல்' இல்லை. வீட்டில் இணையம் கிடையாது. மாட்டுங்கா சைபர் கஃபேக்குப் போய் கைலை இறக்கி, சிடியில் எழுதி, வீட்டுக்கு வந்து கம்பைல் செய்து போட்டு, மறுபடி கான்ஃபிகர். இப்போது 'ஜி-ராப்' இல்லை. மறுநாள் கஃபே. அப்புறம் 'ஸ்லிப்' இல்லை. அதற்கு மறுநாளும் கஃபே. ஒரு தடவைக்கு ஒரு பெயரைத்தான் சொல்லும். எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறதே என்று பல்லைக் கடித்தபோது சட்டென்று உறைத்தது. கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் செய்வதும் இதேதானே? முதல் நாள் ரேஷன் கார்டு. அடுத்த நாள் சம்பளச் சான்று. அதற்கடுத்த நாள் ஜாமீன்தாரரின் சான்று. அன்றிலிருந்து என் மேசைக்கு வருகிறவர்களுக்குத் தேவையான காகிதங்களின் முழுப் பட்டியலை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். க்னுகேஷால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

பத்துப் பன்னிரண்டு சாயங்காலம் போயிற்று. ஒருநாள் ராத்திரி கான்ஃபிகர் கடைசி வரி வரை ஓடி முடிந்தது. மேக் என்று அடித்தேன். 256 எம்பி மெமரி. காற்றாடி இரைய, வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தூங்கிப்போனேன். காலையில் எழுந்து பார்த்தால் முடிந்திருந்தது. மேக் இன்ஸ்டால். திரையில் கணக்குப் புத்தகம் திறந்தது. முதல் பதிவாக அந்த மாத வாடகையை எழுதினேன். ஊருக்கு ஃபோன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "சந்தோஷம்பா, சாப்பிட்டியா?" என்றார் :-)

இந்த மேக் பற்றி ஒரு கதை உண்டு. 1976ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுவதையும் வீணடித்துவிட்டுச் சபித்துக்கொண்டே வந்து நின்றாராம். நிரலில் இருந்த பிழையை முன்பே சரி செய்துவிட்டார், ஆனால் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்திருக்கிறார். சரியாக இருக்கும் சோர்ஸை வைத்துக்கொண்டு பழைய எண்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வவுச்சரைத் திருத்திவிட்டு லெட்ஜரில் போஸ்ட் செய்ய மறந்த கதைதான். மேக் செய்வது எளிய காரியம். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எது எதைவிடப் புதியது என்று தேதி நேரம் பார்க்கும். மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். இன்றைக்கு நடமாட்டம் இருந்த கணக்குகளுக்கு மட்டும் டே எண்டில் வேலை நடப்பது போல.

அதன் கோப்பில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு டேப் எழுத்தோடுதான் ஆரம்பிக்க வேண்டும். டேப்புக்குப் பதில் எட்டு ஸ்பேஸ் அடித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஓடாது. ஃபெல்ட்மேனுக்கே அது பிடிக்கவில்லை. மாற்றலாம் என்று பார்ப்பதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டார். ஐம்பது வருடமாக உலகம் டேப் அடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வங்கியில் சில படிவங்கள் ஏன் இன்னும் அப்படியே இருக்கின்றன என்பதும் எனக்கு இப்போது புரிகிறது.

நிற்க.

அதற்குப் பிறகு எனக்குத் திமிர் வந்துவிட்டது. எது வந்தாலும் சோர்ஸிலிருந்துதான். ரெடிமேட் பேக்கேஜ் போடுகிறவர்களைப் பார்த்தால் ஒரு இளக்காரம். 'நான் வவுச்சரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன்' என்று பெருமை. ஒரே ஒரு சின்னப் பிரச்சினை, நான் எதையும் பார்த்ததில்லை. க்னுகேஷ் சோர்ஸில் ஒரே ஒரு கோப்பைத் திறந்தேன். பாதி புரிந்தது, மூடிவிட்டேன். மூன்று கட்டளையையும் அடிப்பது, அதுவும் கடைசிக் கட்டளையை ரூட் என்ற சர்வாதிகாரப் பயனராக இருந்து அடிப்பது. பட்டியலைக் கூட்டாமல் இனிஷியல் போட்டவன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வி எனக்கு வர 19 வருடம் ஆயிற்று.

வந்த நாளும் நினைவிருக்கிறது. 2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள். அரசுக் கணக்குகளைக் கையாளும் கிளைகள் ஞாயிறு என்றாலும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்ததால் நாங்கள் எல்லோரும் ஆபீசில். ராத்திரி வீட்டுக்கு வந்து, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே மொபைலைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சின்ன மென்பொருள். லினக்ஸ் உலகில் அது இல்லாத இடம் அபூர்வம். பல வருடமாகப் பின்லாந்தின் லாசே காலின் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். களைத்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்தார். பொறுமையானவர், சொன்ன வேலையைச் செய்பவர். 'பொறுப்பைச் சீக்கிரம் இன்னொருவரிடம் கொடுங்கள்' என்று வேறு சிலர் பக்கவாத்தியம் வாசித்தார்கள். மெல்ல மெல்லச் சாவி கை மாறியது. வங்கிக்காரர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். முக்கியமான சீட்டில் இருப்பவர் வருடத்தில் சில நாள் கட்டாய விடுப்பில் போயே ஆக வேண்டும் என்று எங்களுக்கு விதி உண்டு. ரொம்ப உதவியான, லீவே எடுக்காத ஆளைப் பற்றிய அனுபவத்தில் பிறந்த விதி அது.

2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளச் சாவி இருந்தது. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் வாசலைத் திறக்கிற சாவி. ஒளித்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். சோதனைக்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில் விஷம் பொதுவில் எல்லோரும் பார்க்கிற சேமிப்பிடத்திலேயே கிடந்தது. ஆனால் அதை எழுப்புகிற ஸ்கிரிப்ட் வரிகள் அங்கே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய டார் மூட்டைக்குள் மட்டும், கான்ஃபிகர் வேலை செய்யும் பகுதியில் சேர்த்திருந்தார்கள். அதாவது கிளையில் இருக்கிற லெட்ஜரை எடுத்துப் பார்த்தால் சுத்தம். ஹெட் ஆபீசுக்குப் போகிற பிரதியில் மட்டும் ஒரு வரி அதிகம். மூட்டைமேல் இருந்த டிஜிட்டல் கையெழுத்தும் சரியான கையெழுத்துதான். போட்டவனே அவன்தானே. காசோலையில் கையெழுத்து ஒத்துப்போவதற்கும் கொடுக்கல் வாங்கல் நியாயமானதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று கேஷ் கவுன்டரில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

கை கழுவிவிட்டு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு வாரம் முன்னால் நான் 'என் கையால்' கம்பைல் செய்து போட்ட எக்ஸ்இசட், 5.6.1. டார் மூட்டை இன்னும் டிஸ்கில் இருந்தது. அவிழ்த்துத் தேடினேன். அந்த ஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. அதன் மேல்தான் நான் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று அடித்திருக்கிறேன். ரூட்டாக.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டெபியன், ஆர்பிஎம் வகைப் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். பெரிய சர்வர்களுக்கு அந்த வழியாகத்தான் போய்ச் சேரும் என்பதால். தாதரில் ஒரு வங்கிக்காரன் வீட்டில் அடிக்கும் மேக் கட்டளை அவர்கள் கணக்கிலேயே இல்லை. தப்பித்தேன், ஆனால் என் சாமர்த்தியத்தால் இல்லை. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ததால் பத்திரம் என்று நினைத்திருந்தேனே, கொக்கி மாட்டியிருந்ததே அந்த மூட்டையில்தான்.

இப்படி நடக்கும் என்று நாற்பது வருடம் முன்பே ஒருவர் சொல்லியிருந்தார் என்பதை அன்று ராத்திரிதான் படித்தேன். யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன். டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து வாங்கிய டூரிங் விருதின் உரையில், 1984ல். எங்கள் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்த அதே வருடம். அவர் சொன்னது இது. கம்பைலருக்குள் ஒரு தந்திரம் வைக்கலாம். நுழைவாயில் நிரலை கம்பைல் செய்யும்போது அதில் கள்ளச் சாவியைச் சேர்த்துவிடும். கம்பைலரையே மறுபடி கம்பைல் செய்தால் தந்திரத்தையும் சேர்த்துப் பிரதி எடுத்துவிடும். பிறகு சோர்ஸிலிருந்து அந்த வரிகளை அழித்துவிட்டாலும் போதும். சோர்ஸ் சுத்தமாக இருக்கும், கள்ளம் கம்பைலரில் வாழையடி வாழையாக ஓடும். முழுக்க நீங்களே எழுதாத எதையும் நம்ப முடியாது என்று முடித்தார். கூட்டிப் பார்க்கிற மெஷினையே யார் கூட்டிப் பார்ப்பது என்கிற எங்கள் பழைய கேள்விதான்.

அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. டேவிட் வீலர் என்பவர் 2005ல் ஒரு வழி சொன்னார். சந்தேகத்துக்குரிய கம்பைலரின் சோர்ஸை, சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பைலரால் கம்பைல் செய்து, அதில் பிறந்ததைக் கொண்டு அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்து, முடிவு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. டெபியன்காரர்கள் 2013 முதல் இன்னொரு முயற்சியில் இருக்கிறார்கள். ஒரே சோர்ஸை யார், எங்கே கம்பைல் செய்தாலும் ஒரு பிட்கூட மாறாமல் அதே பைனரி வர வேண்டும் என்று. வங்கியில் மேக்கர், செக்கர் என்போம். ஒருவர் பதிவார், வேறொருவர் சரிபார்ப்பார், இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அதேதான்.

ஆனால் எக்ஸ்இசட்டில் கள்ளனைப் பிடித்தது இது எதுவும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்காக வேக அளவைகள் எடுத்துக்கொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி எடுத்தது. அரை விநாடி. நானாக இருந்தால் 'நெட் ஸ்லோ' என்று தேநீர் குடிக்கப் போயிருப்பேன். அவர் விடவில்லை. அந்த அரை விநாடி எங்கே போயிற்று என்று தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் வரை போய், மூட்டைக்கும் சேமிப்பிடத்துக்கும் உள்ள வித்தியாசம் வரை போய், 2024 மார்ச் 29 அன்று எல்லோருக்கும் எழுதிவிட்டார். புனித வெள்ளி. உலகம் சுதாரித்துக்கொண்டது.

அதைப் படிக்கையில் எனக்கு இட்லி அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அங்கே எட்டே முக்கால் ரூபாய், இங்கே அரை விநாடி. இரண்டு பேரும் ஆடிட்டர்கள் இல்லை. இரண்டு பேரும் முழுப் புத்தகத்தையும் படித்ததில்லை. தன் கைக்கு வந்ததை எண்ணிப் பார்த்தார்கள், குறைந்தது, கேட்டார்கள். வித்தியாசம் அதற்கப்புறம்தான். ஃப்ராயிண்டுக்குக் கதவுகள் திறந்திருந்தன. அவர் எல்லா வவுச்சரையும் புரட்டி வேர் வரை போக முடிந்தது. எங்களுக்கு 2004ல் ஒரு சிடியும் ஒரு வரியும்தான் கிடைத்தன. சோர்ஸ் திறந்திருப்பதால் எல்லோரும் படித்துவிடுகிறார்கள் என்பது பொய். நானே சாட்சி. ஆனால் யாரோ ஒருவருக்கு எட்டே முக்கால் ரூபாய் இடிக்கும்போது, அவர் போய்த் தட்டுவதற்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது.

2010 ஏப்ரலில் தினசரி இருப்புக்கு வட்டி என்று விதி மாறியது. அந்த வருடம் தாதர் பூ மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். நான் அந்தக் கிளையை விட்டு வந்து சில வருடம் ஆகியிருந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிந்து பேரன் பிறந்திருந்தான்.

"இப்ப தெனமும் வட்டியாமே தம்பி? பத்தாந்தேதி ஓட்டம் மிச்சம்."

"அப்போ பாஸ்புக்கைக் கூட்டிப் பார்க்கிறதையும் விட்டுட்டீங்களாக்கா?"

"அதெப்படிய்யா விடுறது? மெஷினு மெஷினுதான?"

இப்போதும் நான் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்கிறேன், ஆனால் இளக்காரம் போய்விட்டது. டார் மூட்டையை அவிழ்த்ததும், பொதுச் சேமிப்பிடத்தில் இருப்பதோடு ஒத்துப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். வித்தியாசம் நிறைய வரும், பெரும்பாலும் ஆட்டோகான்ஃப் உண்டாக்கியவை. புரிந்தவரை பார்ப்பேன். கான்ஃபிகர் ஓடும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து வரிகளைப் படிப்பேன். ரூட்டாக அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துவேன்.

ஆபீசில் வட்டிப் பட்டியல் வந்தால் இருபது கணக்கை எடுத்துக் கையால் கூட்டுவேன். அதில் ஒன்றாவது 10ஆம் தேதி பணம் போட்டவர் கணக்காக இருக்கும். இளைஞர்கள் சிரிக்கிறார்கள். "சார், சிஸ்டம் தப்பு பண்ணாது சார்" என்கிறார்கள்.

கூட்டி முடித்துவிட்டுத்தான் இனிஷியல் போடுகிறேன்.